ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தவர்

அப்பா பேப்பர் படிக்கும்போது இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொள்வார். திண்ணையில் உட்கார்ந்து, பேப்பரை நாலாக மடித்து வலது கையில் பிடித்து, இடது முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு. தலைவலி என்று நாங்கள் நினைத்தோம். அம்மா சாயங்காலமானால் தைலம் தேய்த்துவிடுவார். இரண்டு வருஷம் அப்படியே போனது. கண் பரிசோதனையைப் படிப்பாகவே படித்துக்கொண்டிருந்த நானும், லீவுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கையைப் பார்த்தபடிதான் வீட்டுக்குள் போய்வந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. வெடி விபத்தில் தப்பியவர்களிடம் நம் ஊரில் எல்லோரும் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, தப்பிச்சிட்ட." அப்பாவிடம் அதை முதலில் சொன்னவள் நான்தான்.

எங்கள் ஊர் கிருஷ்ணகிரியிலிருந்து வேப்பனப்பள்ளி போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மாந்தோப்பு இல்லாத இடமெல்லாம் கரடு, கரடு இருக்கிற இடமெல்லாம் குவாரி. அப்பா 22 வருஷம் குவாரியில் குழி போட்டவர். பாறையில் கம்ப்ரசர் வைத்துத் துளை இறக்குவதைத்தான் அங்கே குழி போடுவது என்பார்கள். அதற்குள் தோட்டாவும் கேப்பும் வைத்துத் திரி விடுவது மருந்து வைப்பது. அப்பாவுக்கு இரண்டும் தெரியும். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு. வெயில் சாய்கிற நேரத்தில் பாறையை ஒரு முறை பார்ப்பார், கையால் தடவுவார், எந்தப் பக்கமாகப் பிளக்கும் என்று சொல்லிக் கோடு போடுவார். கல் அந்தக் கோட்டில்தான் பிளக்கும். கண்தான் அவருடைய தொழில்.

2011ஆம் வருஷம், பொங்கல் முடிந்த வாரம். அன்று 12 குழி. திரி கொளுத்திவிட்டு ஒதுங்கி நின்று சத்தத்தை எண்ணியிருக்கிறார்கள். அப்பா எண்ணியது 11. மேற்பார்வை பார்த்தவர் 12 என்றாராம். லாரி காத்துக்கொண்டிருந்தது. அப்பா ஒரு குண்டுக்கல்லைச் சுற்றி எட்டிப் பார்க்கப் போனபோது பன்னிரண்டாவது வெடித்தது. குண்டுக்கல் குறுக்கே இருந்ததால் பெரிய கல் எதுவும் அவர்மேல் படவில்லை. ஒரு சின்னக் கல் மட்டும் இடது கண்மேல் பட்டது. காற்று அவரைத் தூக்கிப் பக்கவாட்டில் போட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தாரே தவிர, பத்துப் பதினைந்து நிமிஷம் என்ன நடந்தது என்று இன்றுவரை அவருக்கு ஞாபகமில்லை.

ஆஸ்பத்திரியில் தலை ஸ்கேன் நார்மல். இடது காது ஜவ்வு கிழிந்திருந்தது. இடது கண்ணில் கருவிழிக்குப் பின்னால் கீழ்ப்பக்கம் கோடு மாதிரி ரத்தம் தேங்கியிருந்தது, ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. அந்த வாரம் நான் பெங்களூரிலிருந்து கல்லூரி சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். திண்ணையிலிருந்து சமையலறைக் கதவு வரை 6 மீட்டர் அளந்தேன். வலது கண்ணை மூடச் சொன்னேன், கடைசி வரிக்கு முந்தின வரி வரை தடுமாறாமல் படித்தார். இடது கண்ணை மூடச் சொன்னேன், கடைசி வரியும் படித்தார். அம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அத்தை எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். "அப்பா கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த வார்த்தை குவாரி அலுவலகம் வரை போனது.

வெடி என்றால் நெருப்பும் கல்லும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அவற்றுக்கும் முன்னால் வந்து போய்விடுவது காற்று. மருந்து வெடிக்கும்போது திடமாக இருந்தது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் வாயுவாக மாறி, சுற்றியுள்ள காற்றை நசுக்கித் தள்ளுகிறது. அந்த நசுங்கிய காற்று ஒரு சுவர் மாதிரி, ஒலியைவிட வேகமாக நகர்கிறது. அது கடந்த பிறகு சில கணம் அழுத்தம் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். ஆக உடம்பை முதலில் ஒரு தள்ளு, அப்புறம் ஒரு இழுப்பு. திறந்த வெளியில் அலை விரிந்து பலம் குறையும். குவாரிப் பள்ளம் மாதிரி சுற்றிலும் பாறை நிற்கிற இடத்தில் அது பட்டுத் திரும்பி, அதே ஆளின் மேல் மறுபடி வரும்.

மருத்துவர்கள் இந்தக் காயங்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அழுத்த அலையால் வருவது முதல் வகை. பறந்து வந்து குத்துகிற கல், கண்ணாடி, ஆணியால் வருவது இரண்டாவது. ஆள் தூக்கி எறியப்பட்டு மோதுவது மூன்றாவது. தீக்காயம், புகை, இடிபாடு நான்காவது. அப்பாவுக்கு ஒரே நேரத்தில் முதல் மூன்றும் நடந்திருக்கின்றன. ஆஸ்பத்திரியில் தேடியது இரண்டாவதை மட்டும்தான், ஏனென்றால் அதுதான் வெளியே தெரியும்.

காது ஜவ்வு கிழிவதற்கு வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வந்தாலே போதும். அதனால் கிழிந்த ஜவ்வைப் பார்த்தால் அலை அந்த ஆளைத் தொட்டிருக்கிறது என்று அறியலாம். ஜவ்வு கிழியவில்லை என்பதால் மூளை தப்பியது என்று மட்டும் சொல்ல முடியாது. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, காதில் என்ன இருந்தது என்பதெல்லாம் கணக்கில் வரும்.

கண் ஒரு சின்ன உருண்டை. உடம்பின் முன்பக்கப் பரப்பில் 0.3 சதவீதம்கூட இல்லை. ஆனால் வெடிப்பில் பிழைத்தவர்களில் கண்ணில் அடிபட்டவர்கள் அந்தக் கணக்கைப் போல எத்தனையோ மடங்கு. 1995இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பில் காயத்தோடு பிழைத்தவர்களில் 8 சதவீதம் பேருக்குக் கண்ணில் காயம். காரணம் எளிமையானது. மற்ற இடத்தில் பட்டால் கீறலாகப் போகிற தூசு, கண்ணில் பட்டால் ஆயுள் காயம். இன்னொரு காரணமும் இருக்கிறது: மனுஷன் சத்தம் வந்த திசையைத் திரும்பிப் பார்க்கிறான்.

1917 டிசம்பர் 6ஆம் தேதி காலை, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய மோன்-பிளாங் என்ற கப்பல் இன்னொரு கப்பலோடு மோதித் தீப்பிடித்தது. சுமார் 20 நிமிஷம் எரிந்தது. ஊரே வீட்டு ஜன்னலிலும் பள்ளிக்கூட ஜன்னலிலும் நின்று வேடிக்கை பார்த்தது. அப்புறம் கப்பல் வெடித்தது. பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியே பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணுக்குள் போனது. கிட்டத்தட்ட 5,900 கண் காயங்கள், 41 பேருக்கு முழுப் பார்வையும் போனது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட்டில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோதும் இதேதான்: முதலில் புகை, ஜன்னலில் முகங்கள், செல்போனில் வீடியோ, பிறகு அலை. வெளியே தீயோ பெரும் புகையோ தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகிப் போய் முதுகைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்று எங்கள் தெருப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். 2023 ஜூலை 29ஆம் தேதி கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்து 9 பேர் போனார்கள். அதே வருஷம் அக்டோபர் 7, ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்ததில் தீபாவளி வேலைக்குப் போன அரூர்ப் பக்கத்துப் பையன்கள் பலியானார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கும் வெடி தூரத்துச் செய்தி இல்லை. குவாரி, பட்டாசு, மாரியம்மன் பண்டிகைக்கு நாட்டு வெடி, காட்டுப்பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காய் என்று ஏதாவது ஒரு உருவத்தில் அது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சரி, அப்பாவுக்கு வருகிறேன்.

குவாரிக்குத் திரும்பிப் போனார். கோடு போட்டால் கோணியது. டம்ளரில் டீ ஊற்றினால் விளிம்புக்கு வெளியே ஊற்றினார். டிவிஎஸ் ஐம்பதை ஓட்டுவதை அவராகவே நிறுத்திவிட்டார், ஏன் என்று சொல்லவில்லை. டியூப்லைட் போட்டால் எரிந்து விழுந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது பேர் மறந்துபோய், "அந்த இவன்... இவன்தான்" என்று நின்றுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு ஆடு பிடிக்கப் போனவர் கூட்டத்துக்கு நடுவில் ஒரு மினி லாரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறார். கூடப் போன மாமா வீட்டுக்கு வந்து, "உங்க அப்பாவுக்கு மாப்பிள்ளை முறுக்கு இன்னும் போகல" என்று சிரித்தார். இன்னொரு நாள் அவரே அம்மாவிடம், "வேலைக்குப் போக மனசில்ல, அதான் நடிக்கிறாரு" என்றார். அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போனதை நான் பார்த்தேன்.

அப்பா நடிக்கவில்லை.

மூன்றாம் வருஷப் படிப்பில் இரு கண் பார்வை என்று ஒரு பாடம் வந்தது. இரண்டு கண்ணும் தனித்தனியாகத் தெளிவாகப் பார்ப்பது ஒரு வேலை. இரண்டும் சேர்ந்து ஒரே புள்ளியில் நிற்பது வேறு வேலை. கிட்டத்தில் படிக்க வேண்டுமானால் இரண்டு கண்ணும் மூக்குப் பக்கம் உள்ளே திரும்ப வேண்டும், லென்ஸ் தன்னை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும், வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கண் சரியாகத் தாவ வேண்டும். இத்தனையும் மூளைத்தண்டும் சிறுமூளையும் மூளையின் முன்பகுதியும் நடத்துகிற காரியம். மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் இரண்டாவது பார்ப்பதற்கு. மூன்று, நான்கு, ஆறு கண்ணை அசைப்பதற்கு. நான்காவது இருப்பதிலேயே மெல்லியது, மண்டைக்குள் ரொம்ப தூரம் வளைந்து வருவது. தலை ஒரு உலுக்கு உலுக்கினால் முதலில் மாட்டிக்கொள்வது இந்த மாதிரி நீளமான, மெல்லிய கம்பிகள்தான்.

தலைக்காயம் பட்டவர்களில் நிறையப் பேருக்கு இரு கண்ணும் சேர்ந்து உள்ளே திரும்புவது கெட்டுவிடும், படிக்கும்போது இரண்டாகத் தெரியும், அதைத் தவிர்க்க அவர்களாகவே ஒரு கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று பேராசிரியை சொன்னார். எனக்குத் திண்ணை கண் முன்னால் வந்தது.

அன்று ராத்திரியே பஸ் ஏறினேன். விடிந்தும் விடியாமலும் வீட்டுக்கு வந்து, அப்பாவைத் திண்ணையில் வெளிச்சம் பார்த்து உட்கார வைத்து, பென்சிலைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்தேன். "நுனியைப் பாருங்கப்பா, ரெண்டா தெரிஞ்சா சொல்லுங்க." மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவந்தேன். நல்ல கண்கள் மூக்குக்கு 5, 6 சென்டிமீட்டர் பக்கத்தில் வரும்வரை விடாமல் பிடிக்கும். அப்பாவுக்கு 25 சென்டிமீட்டரிலேயே இடது கண் நழுவியது. அவர் சொல்வதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். கருவிழி கொஞ்சம் நடுங்கி, கயிறு அறுந்த மாதிரி காதுப் பக்கம் போய் நின்றது. வலது கண் பென்சிலைப் பார்த்தபடியே இருந்தது.

"ரெண்டு பென்சில்" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, "எழுத்தும் அப்படித்தான் பாப்பா. ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. ஒரு கண்ணை மூடினா நின்னுக்குது."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீதான் நல்லாருக்குன்னு சொன்னியே" என்றார்.

நான் முதல் தடவை சோதித்த முறையை யோசித்துப் பாருங்கள். வலது கண்ணை மூடச் சொன்னேன், இடது கண்ணை மூடச் சொன்னேன். உலகம் முழுக்க அப்படித்தான் சோதிப்பார்கள், அது தவறில்லை. ஆனால் அப்பாவின் குறை இரண்டு கண்ணும் ஒன்றாகத் திறந்திருக்கும்போது மட்டும்தான் இருந்தது. ஒரு கண்ணை மூடியதும் அது காணாமல் போய்விடும். குறை மறைகிற அந்த ஒரே நிலையில் வைத்துத்தான் நான் அவரைச் சோதித்து, ஊரைக் கூட்டிச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் அடியில் மூளைக்குள் நடப்பது என்ன? மூளை கிட்டத்தட்ட இட்லி மாவுக்கும் பனீருக்கும் நடுவில் ஒரு பதம். அதற்குள் வேறு வேறு அடர்த்தியில் அடுக்குகள், அவற்றுக்கு நடுவே நீர் நிறைந்த அறைகள், ரத்தக் குழாய்கள். அலை கடக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி அசைவதில்லை. அடர்த்தி மாறுகிற ஓரங்களில் இழுபறி அதிகம். தலை வேகமாக உலுக்கப்படுவதும், மண்டையோடே லேசாக வளைந்து நிமிர்வதும், நெஞ்சில் விழுந்த அழுத்தம் ரத்தக் குழாய் வழியாக மேலேறுவதும் அதோடு சேர்ந்துகொள்ளும். நரம்பு செல்லிலிருந்து நீளும் வால்கள் இழுபட்டுச் சேதமாகின்றன. சில அப்போதே அறுவதில்லை. நாள் போகப்போக வீங்கி, பிறகு விட்டுப்போகின்றன. சாதாரண சிடி ஸ்கேன் எலும்பு முறிவையும் ரத்தக் கசிவையும் காட்டும். இந்த வால்களைக் காட்டாது. 'ஸ்கேன் நார்மல்' என்றால் ரத்தம் கசியவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் அர்த்தம்.

நூறு வருஷமாக இதே வாக்குவாதம்தான். முதல் உலகப்போரில் குண்டு பக்கத்தில் விழுந்தும் உடம்பில் காயமில்லாத சிப்பாய்கள் பார்வை மங்கி, ஞாபகம் தப்பி வந்தார்கள். 1915இல் சார்ல்ஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் லான்செட் இதழில் அப்படி மூன்று பேரைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ஞாபகம், பார்வை, வாசனை, ருசி நான்கும் இழந்தது பற்றி இருக்கிறது. 'ஷெல் ஷாக்', அதாவது குண்டு அதிர்ச்சி, என்ற பெயர் அதிலிருந்து பரவியது. 1917இல் அந்தச் சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று பிரிட்டிஷ் ராணுவம் உத்தரவு போட்டது. கோழைத்தனம், மனசுக் கோளாறு, நடிப்பு என்று பேச்சு போனது. எங்கள் மாமா சொன்னதும் அதைத்தான். 2016இல் டேனியல் பெர்ல் என்ற நோய்க்குறியியல் மருத்துவரும் அவர் குழுவும், வெடி அலையில் சிக்கிய ராணுவத்தினர் இறந்த பிறகு அவர்கள் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். மூளையின் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேரும் ஓரத்தில், ரத்தக் குழாய்களைச் சுற்றி, நீர் அறைகளின் கரையில் தழும்பு. சரியாக அடர்த்தி மாறுகிற இடங்களில். உயிரோடு இருந்தபோது எடுத்த ஸ்கேனில் தெரியாத தழும்பு.

சந்தைக் கூட்டத்தில் அப்பா கம்பியைப் பிடித்து நின்றதற்கும் காரணம் உண்டு. உள்காதுக்கும் கண்ணுக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. தலை வலது பக்கம் ஆடினால் கண் அதே அளவு இடது பக்கம் நகர்ந்து, பார்க்கிற காட்சியை அசையாமல் பிடித்து வைக்கும். நடக்கும்போது உலகம் குலுங்காமல் இருப்பது அதனால்தான். வெடி அலை காதைத் தாக்கும்போது இந்த ஒப்பந்தமும் கெடும். அப்போது சந்தையில் ஆடு ஒரு பக்கம் ஓட, கூட்டம் ஒரு பக்கம் போக, கண் எதை நம்புவது என்று தெரியாமல் மூளை தவித்துப்போகும். தரை ஓடுகிற மாதிரி இருந்தது என்றுதான் அப்பா சொன்னார்.

பென்சில் சோதனைக்குப் பிறகு வைத்தியம் ஆரம்பித்தோம். பெரிய மந்திரமெல்லாம் இல்லை. ஒன்றரை மீட்டர் நூலில் மூன்று வண்ண மணி கோர்த்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு முனையை மூக்கு நுனியில் பிடித்து ஒவ்வொரு மணியாகப் பார்க்கிற பயிற்சி. மணிகள் பாட்டியின் பாசிமணி மாலையிலிருந்து எடுத்தவை: சிவப்பு, மஞ்சள், பச்சை. பச்சை மூக்குக்குப் பக்கத்தில். இரண்டு கண்ணும் ஒழுங்காக வேலை செய்தால் நூல் இரண்டாகத் தெரிந்து, பார்க்கிற மணியில் வந்து குறுக்கே சேரும். அப்பாவுக்கு முதல் மாதம் பச்சை மணியே இரண்டாகத்தான் தெரிந்தது. தினம் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிஷம். அதற்குமேல் போனால் குமட்டும். படிக்க மட்டும், ஒளியை வளைத்து இரண்டு பிம்பமும் சேர உதவுகிற ப்ரிசம் கண்ணாடி. வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போடுவதை நிறுத்தச் சொன்னோம். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு வெளிச்சம் இன்னும் அதிகமாகத்தான் உறுத்தும். அதற்குப் பதில் இளஞ்சிவப்புச் சாயல் போட்ட கண்ணாடி கொடுத்தோம். டியூப்லைட்டைக் கழற்றினோம். ஆறு மாதத்தில் 25 சென்டிமீட்டர் 11 ஆனது. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு அரைப் பக்கம் படித்தார். மீதி அரைப் பக்கத்துக்குக் கை மேலே போய்விடும். இன்றும் அப்படித்தான். குவாரிக்கு அவர் திரும்பவில்லை.

இழப்பீடு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அப்போது நடப்பிலிருந்த 1923ஆம் வருஷத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. மறு கண் நன்றாக இருந்து ஒரு கண் போனால் 40 சதவீதம், கண் உருண்டை அப்படியே இருந்து பார்வை மட்டும் போனால் 30 சதவீதம் சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று எழுதியிருந்தது. அப்பாவுக்கு எந்தக் கண்ணும் போகவில்லை. "உன் மகளே நல்லாருக்குன்னு சொன்னாளாமே" என்று குவாரித் தரப்பில் கேட்டார்கள். பட்டியலில் இல்லாத காயத்துக்கும் இழப்பீடு உண்டு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிட்டுக் கொடுத்தால் போதும் என்று அதே சட்டத்தில் இருந்தது. கோரிக்கையை விபத்து நடந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் இருந்தது. எங்களுக்குக் குறை என்ன என்று தெரிந்தபோது அந்த 2 வருஷம் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னித்து ஏற்றுக்கொள்ளவும் வழி உண்டு என்று யாரும் அன்று எங்களுக்குச் சொல்லவில்லை. இதைப் படிக்கிற குவாரிக் குடும்பம் யாராவது இருந்தால், இப்போதைய சட்டத்தில் காலக்கெடு என்ன என்று கேட்டு, அதை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2019இல் நான் வேலை பார்க்கிற கிளினிக்குக்கு அப்பாவைக் கண்ணாடி மாற்றக் கூட்டிப் போனேன். கண் அழுத்தம் பார்த்தார்கள். பாதரச மில்லிமீட்டர் கணக்கில் 10இலிருந்து 21க்குள் இருக்க வேண்டும். வலது கண் 15. இடது கண் 34. கண்ணுக்குள் நீர் ஊறிக்கொண்டே இருக்கும், கருவிழி ஓரத்து மூலையில் உள்ள வடிகாலில் வடிந்துகொண்டே இருக்கும். ஏரிக்கு மதகு மாதிரி. 2011இல் அந்தக் கல் பட்டபோது அந்த மூலை கிழிந்திருக்கிறது. அன்று தேங்கிய ரத்தம் அதன் அடையாளம். ரத்தம் வடிந்ததும் எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம். கிழிந்த இடத்தில் தழும்பு ஏறி, வடிகால் அடைபட்டு, எட்டு வருஷம் கழித்து அழுத்தம் ஏறி நின்றது. வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரப் பார்வை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோயிருந்தது. பார்வை நரம்பில் 10 லட்சத்துக்கும் மேல் இழைகள் உண்டு. போன இழை திரும்பி முளைக்காது. இப்போது தினம் ராத்திரி எட்டு மணிக்குச் சொட்டு மருந்து. இடது கண்ணின் வெளி ஓரத்தில் நான் வந்து நின்றால் அவருக்குத் தெரியாது.

கண்ணில் அடிபட்டு உள்ளே ரத்தம் தேங்கியவர் யாராக இருந்தாலும், ஆறி எத்தனை வருஷமானாலும், வருஷத்துக்கு ஒரு தரம் கண் அழுத்தம் பார்க்க வேண்டும். காயம் ஆறிய சில வாரத்தில், கண்ணில் வில்லை வைத்து அந்த மூலையைப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி சோதனையை ஒரு முறை கேட்டு வாங்கிச் செய்துகொள்ள வேண்டும். மின்னல் மாதிரி வெளிச்சம் வெட்டினாலோ, திரை இறங்குகிற மாதிரி ஒரு பக்கம் இருண்டாலோ விழித்திரை பிரிகிற அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும்.

அடிபட்ட அந்த நிமிஷத்தைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் கிளினிக்குக்கு வரும்போது பாதி கெட்டுப்போன பிறகுதான் வருகிறார்கள். தாய்ப்பால் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, நந்தியாவட்டைச் சாறு பிழிவது எதுவும் வேண்டாம். கண்ணைக் கசக்கக் கூடாது, துணி வைத்து அழுத்திக் கட்டக் கூடாது. கிழிந்த கண்ணை அழுத்தினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. கருவிழி நடுவிலுள்ள கறுப்பு வட்டம் கண்ணீர்த் துளி மாதிரி ஒரு பக்கம் இழுபட்டிருந்தால் கண் கிழிந்திருக்கிறது. டீக்கடைப் பேப்பர் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் உட்காரும்படி வைத்து, கண்ணில் படாமல் பிளாஸ்திரி ஒட்டுங்கள். கிழிசல் இல்லாமல் வெடிமருந்துத் தூளோ சுண்ணாம்போ மட்டும் விழுந்திருந்தால் உடனே சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம். ஒரு கண்தானே என்று வீட்டிலேயே வைத்திருக்கவும் கூடாது. கிழிந்த கண்ணைப் பார்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தி குழம்பி, நல்ல கண்ணையும் தாக்குவது அபூர்வமாக நடக்கும்.

"ஊசி போட்டா நரம்பு சரியாயிடுமா" என்று கேட்பார்கள். ஸ்டீராய்டைத்தான் கேட்கிறார்கள். தலைக்காயக்காரர்கள் 10,008 பேரை வைத்து நடந்த கிராஷ் என்ற பெரிய ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஸ்டீராய்டு போட்டவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21 சதவீதம், போடாதவர்களில் 18 சதவீதம். தலையில் அடிபட்டவருக்கு அந்த ஊசியை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

போன வருஷம் பண்டிகையில் நாட்டு வெடி கையருகே வெடித்து எங்கள் தெருப் பையன் ஒருவன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். வயசு 19. கை ஆறிவிட்டது, ஸ்கேன் நார்மல், கண் சார்ட் முழுக்கப் படித்தான். இரண்டு மாதம் கழித்து ஐடிஐ பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை, தலை வலிக்கிறது என்று அவன் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். திண்ணையில் அப்பா பேசுவது கேட்டது.

"ஏம் தம்பி, படிக்கிறப்ப ஒரு கண்ணை மூடிக்கிறயா?"

"ஆமாங்க பெரியப்பா. யார் சொன்னாங்க?"

நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அப்பா ஜன்னல் பக்கம் எழுந்து போயிருந்தார். நூலின் மறு முனையை அவனிடம் கொடுத்து, மூக்கு நுனியில் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பச்சை மணியைப் பாரு. எத்தனை தெரியுது?"

பையன் கொஞ்ச நேரம் பார்த்தான். "ரெண்டு" என்றான்.